டாக்டரம்மாவிடம் மறைத்த இரண்டு வெள்ளை மாத்திரைகள்

போன வருடம் ஐப்பசி மாதம், தூத்துக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நடந்தது இது. அதைச் சொல்வதற்கு முன்னால் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சொன்னால்தான் நான் செய்த காரியம் உங்களுக்குப் புரியும்.

ஐந்தாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. பதினைந்து வயதில் துறைமுகத்தில் உப்பு மூட்டை தூக்கினேன். சங்கு குளிக்கிற வள்ளத்தில் இரண்டு வருடம், கடலுக்கடியில் இறங்கியவனுக்கு மேலே இருந்து கயிறு பிடித்தேன். என் கையில் இருந்த கயிறு ஒரு தடவைகூட நழுவியதில்லை. அப்புறம் லாரியில் கிளீனர், பிறகு டிரைவர். நான் வாங்கிய முதல் லாரிக்கு ஒரு பக்கக் கதவு கிடையாது. அந்த எஞ்சினை யாரிடமும் கேட்காமல் நானே பிரித்து நானே மாட்டினேன். இன்றைக்குத் துறைமுகச் சாலையில் என்னுடைய லாரிகள் பதினொன்று ஓடுகின்றன. சொந்தமாக ஒர்க்‌ஷாப் இருக்கிறது. புயல் மழையில் அதன் கூரை பறந்துபோனபோது ஐந்தாம் நாள் புதுக் கூரை போட்டு வேலையைத் தொடங்கினேன். மூன்று பிள்ளைகளும் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். “உமக்குக் கையெழுத்தே நேராக வரவில்லையே” என்று சிரித்த வங்கி அதிகாரி, பிற்பாடு என் மகள் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். இதில் எதையும் எவரும் எனக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை.

இப்படிப்பட்டவனுக்கு அறுபத்தேழு வயதில் பெருங்குடலில் ஒரு கட்டி வந்தது. ஆபரேஷன் செய்யும் டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும், நாள் கடத்தினால் பரவிவிடும் என்று சொல்லிவிட்டார். சரி என்றேன். எஞ்சினையே இறக்கி ஏற்றியவனுக்கு இது என்ன என்று நினைத்தேன்.

மயக்க மருந்து கொடுக்க ஒரு தனி டாக்டர். நாசரேத்துப் பக்கத்துப் பெண். அப்பா, அம்மா இரண்டு பேரும் வாத்தியார்களாம். முப்பத்தைந்து வயது இருக்கும். பேச்சில் அவசரமே கிடையாது. என் இரத்த அழுத்த மாத்திரைகளை வாங்கி மேஜையில் பரப்பி வைத்து, “அண்ணாச்சி, இந்தச் சின்ன மஞ்சள் மாத்திரையை ஆபரேஷன் அன்னைக்குக் காலையிலயும் போடணும். இந்த வெள்ளையை முந்தின நாளே நிறுத்திரணும்” என்றார். எதற்கு அது வேண்டும், எதற்கு இது வேண்டாம் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்டால் எனக்குத் தெரியாது என்று ஆகிவிடுமே.

குறித்த நாளில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்னை வழியனுப்ப ஒர்க்‌ஷாப் ஆட்கள், டிரைவர்கள், சொந்தக்காரர்கள் என்று இரண்டு வேன் நிறைய வந்திருந்தார்கள். எல்லோருக்கும் கையசைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தால், அழுத்தம் நூற்றுத் தொண்ணூறைத் தாண்டி நின்றது. அரைமணி நேரம் கழித்துப் பார்த்தார்கள். இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது. டாக்டரம்மா ஆபரேஷனை ஒரு வாரம் தள்ளி வைத்து, மாத்திரையைக் கொஞ்சம் கூட்டி எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பயத்தில்தான் அப்படி ஏறியது என்று என் வீட்டுக்காரி இன்றைக்கும் சொல்கிறாள். நான் அதை ஒப்புக்கொண்டதில்லை. அந்த மிஷின் சரியில்லை.

இரண்டு வேன் ஆட்களும் வந்த வழியே திரும்பினார்கள். மறுநாள் ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைகிறேன், என் மச்சினன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லுகிறான்:

“ஏலே, எல்லாரும் எந்திரிங்க. எஃப்.சி.ல பெயிலான வண்டி வருது.”

அவனும் லாரிக்காரன்தான். என் வீட்டுக்காரிக்குத் தம்பி. எனக்கு முன்னால் பீடி பிடிக்க மாட்டான், ஆனால் வாய் மட்டும் அடங்காது.

எஃப்.சி. என்றால் என்ன என்று லாரி வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். லாரி ரோட்டில் ஓடத் தகுதியானதா என்று அதிகாரி பார்த்துச் சான்று கொடுக்க வேண்டும். அந்த நாளுக்காக நாங்கள் வண்டியை ஜோடிப்போம். பக்கத்து வண்டியின் புது டயரைக் கடன் வாங்கி மாட்டுவோம். ஆயில் ஒழுகும் இடத்தை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, மேலே பெயிண்ட் அடிப்போம். அதிகாரி பார்க்கிற நேரம் வண்டி புது மாப்பிள்ளை மாதிரி நிற்க வேண்டும். சான்று கைக்கு வந்ததும் டயர் உரியவரிடம் போய்விடும். சரியா தப்பா என்று என்னைக் கேட்காதீர்கள். இதில் என்னை மிஞ்சிய ஆள் எங்கள் ஊரில் கிடையாது என்பது மட்டும் உண்மை.

மச்சினன் கேலி என் தலைக்குள் உட்கார்ந்துகொண்டது. அடுத்த வாரம் மறுபடியும் இரண்டு வேன் வரும். மறுபடியும் திருப்பி அனுப்பினால் நான் துறைமுகச் சாலையில் நடக்க முடியாது. கட்டியும் உள்ளே சும்மா இருக்கப் போவதில்லை. ஆகவே ஒரு முடிவு செய்தேன். என் உடம்பை எஃப்.சி.க்குக் கொண்டுபோகிற மாதிரிக் கொண்டுபோவது.

இரண்டாவது தடவை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, விடியற்காலை ஐந்து மணிக்குப் பல் துலக்கப் போனேன். நிறுத்தச் சொன்ன அந்த வெள்ளை மாத்திரையில் இரண்டை மடியில் ஒளித்து வைத்திருந்தேன். வழக்கமாக ஒன்று போடுவேன். அன்றைக்கு, வாய் கொப்பளிக்கிற தண்ணீரிலேயே இரண்டையும் விழுங்கிவிட்டேன்.

காலை எட்டு மணிக்கு அழுத்தம் பார்த்தார்கள். நூற்றுப் பதினெட்டு. நர்ஸ் பிள்ளை, “தாத்தா, வயசுப் பையன் மாதிரில்லா இருக்கு” என்றது. நான் வீட்டுக்காரியைப் பார்த்தேன்.

“ஏளா, கேட்டியா?”

“கேட்டேன், கேட்டேன். மாதாவுக்கு மெழுகுதிரி ஏத்தியிருக்கேன். அதான் இறங்கியிருக்கு” என்றாள்.

பக்கத்தில் நின்ற மச்சினன் என் முகத்தை ஒரு மாதிரி பார்த்தான். “என்ன அத்தான், ராவோட ராவா டயர் மாத்திட்டியளோ?” என்றான்.

அவனுக்கு ஒன்றும் தெரியாது. சும்மா வாயில் வந்ததைச் சொன்னான். எனக்குத்தான் சுருக்கென்றது. ஆனாலும் சிரித்துக்கொண்டே தள்ளுவண்டியில் ஏறிப் படுத்தேன்.

உள்ளே ஐஸ் பேக்டரி மாதிரிக் குளிர். டாக்டரம்மா முகமூடியும் தொப்பியுமாக வந்து, “வெள்ளை மாத்திரையை முந்தாநாளோட நிறுத்திட்டியள்லா, அண்ணாச்சி?” என்று கேட்டார்.

“ஆமா” என்றேன். நன்றாக வாய் நிறையச் சொன்னேன்.

பிறகு என்ன செய்யப் போகிறார் என்று சொன்னார். முதுகுத்தண்டு பக்கத்தில் ஊசி வழியாக ஒரு மெல்லிய டியூப் வைத்து அதில் மரத்துப்போகிற மருந்து விடுவது ஒன்று. முழுசாகத் தூங்க வைப்பது இன்னொன்று.

“ஒண்ணு போதாதா? ரெண்டு எதுக்கு?” என்று கேட்டேன்.

“தூக்கம் ஆபரேஷனுக்கு. முதுகு டியூப் வலிக்கு. முடிஞ்ச பிறகு மூணு நாளைக்கு அதுல மருந்து போகும். வலி இல்லன்னா நல்லா மூச்சு இழுப்பிய, இருமுவிய, எந்திரிச்சு நடப்பிய. ஆனா ரெண்டும் ஒண்ணாச் சேந்தா பிரஷர் இறங்கும். அதைப் பாத்துக்கிடத்தான் நான் இங்கன நிக்கேன்.”

“எதுக்கு இறங்குது?”

இதையும் கேட்காமல் விட்டிருப்பேன். குளிரில் ஏதாவது பேசிக்கொண்டிருக்க வேண்டும்போல இருந்தது. அவர் பொறுமையாகச் சொன்னார். நமது இரத்தக் குழாய்கள் எப்போதும் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்குமாம். அந்த இறுக்கத்தில்தான் அழுத்தம் நிற்கிறது. முதுகில் மருந்து விட்டால் நெஞ்சுக்குக் கீழே குழாய்கள் எல்லாம் தளர்ந்துவிடும். இரத்தம் காலிலும் வயிற்றிலும் போய்த் தேங்கும். இதயத்துக்குத் திரும்பி வருவது குறையும். மருந்து நெஞ்சுவரை ஏறிவிட்டால் துடிப்பும் மெதுவாகும். விழித்திருக்கிற ஆளாக இருந்தால் மேல் பாதி உடம்பு தானாக இறுகி ஓரளவு சமாளித்துக்கொள்ளும். தூங்க வைத்துவிட்டால் அந்தச் சமாளிப்பும் போய்விடும்.

“அப்புறம் என்னதான் மிச்சம்?”

“கிட்னியில இருந்து ஒரு சுரப்பு கிளம்பி குழாயை இறுக்கிப் பிடிக்கும். கடைசியா அது இருக்கு. அதோட என் கையில மருந்தும் இருக்கு.”

எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. “அப்ப இப்படிச் சொல்லுங்க, டாக்டரம்மா. முழு லோடோட மலையில இருந்து இறங்குத வண்டி. கால் பிரேக்கை முதுகு ஊசி கழட்டிருது. எஞ்சின் பிரேக்கைத் தூக்க மருந்து கழட்டிருது. மிச்சம் கை பிரேக் ஒண்ணுதான்.”

அவர் சிரித்துவிட்டார். “அண்ணாச்சி, நான் ஒம்பது வருஷம் படிச்சேன். இப்படி யாரும் சொல்லித் தரல. இனி எல்லாருக்கும் இதைத்தான் சொல்லப்போறேன்.”

“சொல்லுங்க. யாரு சொன்னதுன்னும் சேத்துச் சொல்லுங்க” என்றேன். அந்த நிமிடம் எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. அந்தச் சந்தோஷத்தில்தான் அடுத்த கேள்வியையும் கேட்டேன். “அந்த வெள்ளை மாத்திரை எதுக்கு நிறுத்தச் சொன்னிய?”

“அதுவா? அந்தக் கை பிரேக்கைக் கழட்டுதது அதுதான்” என்றார் அவர், கையுறை மாட்டிக்கொண்டே.

என்னை உட்கார வைத்தார்கள். தலையணையைக் கட்டிப்பிடித்துக் குனியச் சொன்னார்கள். நர்ஸ் என் தோளைப் பிடித்துக்கொண்டது. முதுகில் ஏதோ ஈரமாகத் தடவினார்கள். சில்லென்று இருந்தது. வியர்த்தது எனக்கு.

லாரித் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. தூர ஓட்டத்தில் பாதி வழியில் டிரைவர் மாறுவார். சாலையோரம் வண்டியை நிறுத்தி, டீ குடித்துவிட்டு, சாவியைக் கொடுக்கும்போது இறங்குகிறவன் ஏறுகிறவனிடம் எல்லாக் குறையையும் சொல்லியாக வேண்டும். இடது பக்கம் இழுக்கும், மூன்றாவது கியர் வழுக்கும், பின் பிரேக் லேசாகப் பிடிக்கும் என்று ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே இல்லாமல் இருக்கலாம். பெண் கொடுத்ததில் சண்டை இருக்கலாம். சாவி கை மாறும்போது சொல்லிவிடுவார்கள். சொல்லாதவனிடம் அப்புறம் எவனும் சாவி வாங்க மாட்டான். பிரேக் சரியில்லை என்று சொல்லாமல் வண்டியை மாற்றிக் கொடுத்த ஒருவனை, பன்னிரண்டு வருடம் என்னிடம் ஓட்டியவனை, அன்றைக்கே நான் வேலையை விட்டு அனுப்பியிருக்கிறேன். அவன் பெண்டாட்டி வந்து அழுதும் நான் இளகவில்லை.

குனிந்து உட்கார்ந்திருந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் டாக்டரம்மாவை எஃப்.சி. அதிகாரி என்று நினைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். அதிகாரி பார்ப்பார், கையெழுத்துப் போடுவார், வீட்டுக்குப் போய்விடுவார். இந்தப் பெண் வண்டியில் ஏறி உட்காரப் போகிறது. நான் தூங்கப் போகிறேன். சாவி கை மாறுகிறது.

சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வெளியே இரண்டு வேன் ஆட்கள் நிற்கிறார்கள். என் மச்சினனுக்கு ஆயுளுக்கும் போதுமான கேலி கிடைத்துவிடும். ஒரு பொய்யை வாய் நிறையச் சொல்லி கால் மணி நேரம்கூட ஆகவில்லை. சொல்லாவிட்டால் ஒருவேளை ஒன்றும் ஆகாமலும் போகலாம். இத்தனையும் அந்தக் கொஞ்ச நேரத்தில் ஓடியது. “அண்ணாச்சி, சின்னதா ஒரு ஊசி. அசையப்படாது” என்று அவர் சொல்வது கேட்டது.

“கொஞ்சம் பொறுங்க, டாக்டரம்மா” என்றேன். குரல் எனக்கே வேற்று ஆள் குரலாக இருந்தது. “அந்த வெள்ளை மாத்திரையைப் போட்டுட்டேன்.”

“எப்பம்?”

“காலையில அஞ்சு மணிக்கு. ரெண்டு.”

என் வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான காரியம் அது. மூட்டை தூக்கியதெல்லாம் அதற்குப் பக்கத்தில் நிற்காது.

அவர் திட்டவில்லை. முன்னால் வந்து ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு என் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார். “எதுக்கு அண்ணாச்சி?”

“பிரஷரு நல்லாக் காட்டணும்லா.”

முகமூடிக்கு மேலே அவர் கண்ணை மட்டும்தான் பார்க்க முடிந்தது. கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. எழுந்து போய் ஆபரேஷன் டாக்டரிடம் பேசினார். நாளைக்குத் தள்ளி வைக்கலாமா என்று அவர் கேட்பது என் காதில் விழுந்தது. இருவரும் ஏதோ காகிதங்களைப் புரட்டினார்கள். கட்டியிலிருந்து இரத்தம் கசிவது நிற்கவில்லை என்பது பற்றிப் பேச்சு நடந்தது. திரும்பி வந்த டாக்டரம்மா சொன்னார்:

“இன்னைக்கே செய்யலாம். தெரியாம இறங்குதது வேற, தெரிஞ்சு இறங்குதது வேற. முதுகுல டியூபை இப்ப வச்சிருதேன், மருந்தை மெதுவா, சொட்டுச் சொட்டாத்தான் விடுவேன். கையில ஒரு சின்னக் குழாய் போட்டு ஒவ்வொரு துடிப்புக்கும் பிரஷரைப் பாப்பேன். அந்தக் கை பிரேக் இல்லாமலே குழாயை இறுக்குத மருந்து வேற ஒண்ணு இருக்கு. அதைக் கையில எடுத்து வச்சிட்டுத்தான் உங்களைத் தூங்க வைப்பேன்.”

“வேற ஏதும் மறைச்சிருக்கியளா?” என்றும் கேட்டார்.

“நேத்து சாயங்காலம் ஒரு பீடி” என்றேன். நர்ஸ் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டது.

ஊசி ஏறியது. பிறகு என்னை மல்லாக்கப் படுக்க வைத்து, ஒன்றிலிருந்து எண்ணச் சொன்னார். நான் என் லாரிகளை வரிசையாக எண்ணினேன். நாலாவது லாரி வரை ஞாபகம் இருக்கிறது.

கண் விழித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. வயிற்றில் நீளமாகக் கட்டுப் போட்டிருந்தார்கள், வலி என்பதே இல்லை. மறுநாள் காலையில் எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அதற்கு மறுநாள் வராந்தாவில் நடந்தேன். என் மச்சினன் எனக்கென்று வாங்கி வந்த முந்திரி மக்ரூன் இனிப்பை, நான் இன்னும் சாப்பிடக் கூடாது என்று தெரிந்ததும், என் கண் முன்னாலேயே ஒவ்வொன்றாகத் தின்று தீர்த்தான். சிரித்தால் தையல் பிரிந்துவிடுமோ என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கட்டி பரவவில்லை என்று செய்தி வந்த அன்றைக்கு வீட்டுக்காரி வார்டில் இருந்த எல்லோருக்கும் சர்க்கரை கொடுத்தாள். முன்பின் தெரியாத ஆட்கள் எல்லாம் வந்து என் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள்.

மூன்றாம் நாள் முதுகு டியூபை எடுக்க வந்த டாக்டரம்மா அன்றைக்கு உள்ளே நடந்ததைச் சொன்னார். ஆபரேஷன் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். முதுகில் கொஞ்சமாகத்தான் மருந்து விட்டிருக்கிறார். அழுத்தம் கடகடவென்று இறங்கி அறுபதுக்கும் கீழே போயிருக்கிறது. துடிப்பு நாற்பதைத் தொட்டிருக்கிறது. வழக்கமாகக் கொடுக்கிற மருந்தை இரண்டு தடவை கொடுத்தும் அசையவில்லை. உடனே, எடுத்து வைத்திருந்த அந்த வேறு மருந்தைக் கொடுத்தாராம். இரண்டு மூன்று நிமிடத்தில் ஏறி வந்துவிட்டது.

“நான் சொல்லாம இருந்திருந்தா?” என்று கேட்டேன்.

“எங்கயாவது ரத்தம் போகுதா, இதயத்துல கோளாறான்னு தேடிக்கிட்டு இருந்திருப்பேன். தேடுத நேரம் எல்லாம் உங்க நேரம்லா, அண்ணாச்சி.”

வீட்டுக்காரிக்கு அப்போதுதான் விஷயம் தெரியும். “அறுபத்தேழு வயசுல மாத்திரையைக் களவாண்டு தின்ன மனுஷன் இந்த ஊர்லயே நீங்க ஒருத்தர்தான்” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அன்றைக்குப் பூரா என் கையை அவள் விடவே இல்லை.

இப்போது நல்ல சுகமாக இருக்கிறேன். காலையில் துறைமுகச் சாலையில் இரண்டு மைல் நடக்கிறேன். நான் வேலையை விட்டு அனுப்பிய அந்த டிரைவரைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டேன். “ஏன்லே அன்னைக்குச் சொல்லல?” என்று கேட்டேன். “சொன்னா வண்டியைத் தர மாட்டியளோன்னு பயம், மொதலாளி” என்றான். இத்தனை வருடம் கழித்து அவன் சொன்னது எனக்குப் புரிந்தது. இப்போது மறுபடியும் என்னிடம்தான் ஓட்டுகிறான்.

ஒரே ஒரு குறை. நான் பிழைத்த கதையை ஆளுக்கு ஒரு மாதிரிச் சொல்கிறார்கள். வீட்டுக்காரி மாதாவைச் சொல்கிறாள். மச்சினன் ஆபரேஷன் டாக்டரின் கையைச் சொல்கிறான். பிள்ளைகள் டாக்டரம்மாவைச் சொல்கிறார்கள். எல்லாம் சரிதான். ஆனால் ஆஸ்பத்திரி கொடுத்த மூன்று பக்கக் காகிதத்தில் எந்த மருந்து எத்தனை மில்லி என்றுகூட இருக்கிறது, நான் உண்மையைச் சொன்னது மட்டும் அதில் இல்லை. டாக்டரம்மாவிடமே கேட்டேன். அதற்கெல்லாம் அதில் இடம் கிடையாது என்று சிரித்தார். அதனால்தான் உங்கள் பத்திரிகைக்கு எழுதுகிறேன். என் பெயரைப் போட வேண்டாம். முதுகில் ஊசி ஏறுவதற்கு முன்னால், வெளியே இரண்டு வேன் ஆட்கள் நிற்கும்போது, தான் சொன்னது பொய் என்று தன் வாயாலேயே சொன்னார் நோயாளி என்ற ஒரு வரியை மட்டும் விடாமல் அச்சில் போடுங்கள். நான் கட்டியெழுப்பிய எல்லாவற்றையும்விட அந்த ஒரு வார்த்தைதான் இன்றைக்கு என்னை உயிரோடு நடக்க வைத்திருக்கிறது, அதில் என் பங்கை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.